முதலில் கை நீட்டியது யார்?

செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சீனிவாசன் சார். வண்டியை விட்டு இறங்காமலே என்னைப் பார்த்து, "சந்திரா, தேவா போயிட்டான்மா" என்றார்.

"எங்க சார்?" என்று கேட்டுவிட்டேன். அப்படித்தான் வாயில் வந்தது.

"விடியக்காலைல. தூக்கத்துலயே" என்றார். பிறகு சம்பந்தமே இல்லாமல், "இந்த ஞாயித்துக்கிழமை யாரோட யாருக்கு மேட்ச் போட்டிருக்க?" என்று கேட்டார். நான் விழித்தேன். அவரும் தாம் கேட்டது தமக்கே புரியாதவர் போல ஒரு நிமிடம் நின்றுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

திரு. தேவசகாயம் அவர்களைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று எங்கள் சதுரங்கக் கழக நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். பல வருடம் செயலாளராக இருந்தவள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். எழுத உட்கார்ந்த பிறகுதான், அவரைப் பற்றி எனக்கு எது நிச்சயமாகத் தெரியும் என்ற குழப்பம் வருகிறது. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

தேவா சார் மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வரைவாளராக இருந்தார். உயரமானவர். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த சிறிய ஹாலை ஞாயிறு மாலைகளில் கேட்டு வாங்கி, சதுரங்கக் கழகம் ஆரம்பித்தவர் அவர். கூட ஆரம்பித்தவர் சீனிவாசன் சார். அவர் தொலைபேசித் துறையில் குமாஸ்தா. தேவா சார் பேசினால் தெருமுனைவரை கேட்கும். சீனிவாசன் சார் பேசினால் பக்கத்தில் இருப்பவரே "என்ன சார்?" என்பார். இரண்டு பேரும் ஒரே மின்சார ரயிலில் பழக்கமானவர்கள், மாங்காய் பத்தையைப் பகிர்ந்து தின்றபடி காகிதத்தில் கட்டம் வரைந்து ஆடியவர்கள் என்று சொல்வார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்த ஹாலுக்குள் நுழைந்தபோது அங்கே வேறு பெண்கள் யாரும் இல்லை. தபால் நிலையத்தில் வேலை கிடைத்து தாம்பரத்துக்குப் புதிதாக வந்திருந்தேன். எல்லோரும் மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டார்களே தவிர, ஒருவரும் எதிரே உட்காரவில்லை. தேவா சார்தான் உட்கார்ந்தார். பத்துப் பதினைந்து நகர்த்தலில் என்னைத் துடைத்தெடுத்துவிட்டார். மறுபடி காய்களை அடுக்கினார். மறுபடியும் அதே கதி. நான் எழுந்தபோது, "அடுத்த ஞாயிறும் வாங்க மேடம். இன்னும் நல்லா தோக்கலாம்" என்றார். கிண்டலா, அழைப்பா என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்தேன். அடுத்த ஞாயிறு போனேன். அதற்கப்புறம் ஏறக்குறைய எல்லா ஞாயிறும் போனேன்.

அவர் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்லமாட்டேன். நாங்கள் யாருமே அப்படி இல்லை. மாவட்டப் போட்டிக்குப் போனால் இரண்டாவது சுற்றில் திரும்பி வருகிறவர்கள்தாம். ஆனால் அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. டிராவுக்கு ஒப்புக்கொள்ளவே மாட்டார். ஒருமுறை ஒரு மருத்துவக் கல்லூரி மாணவருக்கு எதிராக அவரிடம் ராஜாவும் குதிரையும் மட்டும் மிச்சம். எதிரே வெறும் ராஜா. அதில் ஜெயிக்கவே முடியாது என்பது நேற்றுக் கற்றுக்கொண்டவருக்கும் தெரியும். அந்தப் பையன், "சார், டிராதானே?" என்றால், "ஆடுங்க தம்பி, உங்க ராஜாவுக்குக் கால் வலிக்கட்டும்" என்கிறார். வாட்ச்மேன் பீட்டர் வந்து விளக்கை அணைக்கப் போவதாகச் சொன்ன பிறகுதான் விட்டார்.

"டிரான்னா என்ன தெரியுமா? ரெண்டு பேரும் சேந்து தூங்கிட்டாங்கன்னு அர்த்தம்" என்பார். இந்த வாக்கியத்தை அவர் வாயால் கேட்காத உறுப்பினர் இருக்கமாட்டார்.

இனி அந்தத் திருமணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள்.

தேவா சாரின் தங்கை கிரேஸ், பள்ளி ஆசிரியை. பெற்றோர் மறைந்த பிறகு அண்ணன் வீட்டில் இருந்தார். சீனிவாசன் சாரின் தம்பி முரளி அடிக்கடி தேவா சார் வீட்டுக்குச் சதுரங்கப் புத்தகம் வாங்க வருவார். முரளி சதுரங்கம் ஆடி நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. அதை அப்போதே யாராவது கவனித்திருக்கலாம். ஒருநாள் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பரோடாவுக்குப் போய்விட்டார்கள். முரளிக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது.

சீனிவாசன் சாருடையது ஆசாரமான குடும்பம். அவருடைய அப்பா, இனி முரளியின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டார். தேவா சார் வீட்டிலும் நிம்மதி இல்லை. சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் வந்து, "நீ வளத்த லட்சணமா இது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிறு ஹாலில் நான் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தேவா சார் முதலில் வந்தார். கொஞ்ச நேரத்தில் சீனிவாசன் சார் உள்ளே வந்து நேராக அவர்முன் நின்று, வழக்கத்துக்கு மாறாக எல்லோருக்கும் கேட்கும்படி, "உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?" என்றார்.

தேவா சார் எழுந்து நின்றார். "அதையேதான் நான் உன்கிட்ட கேக்க வந்தேன்" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அடித்துக்கொள்ளவும் இல்லை, திட்டிக்கொள்ளவும் இல்லை. கழகத்தை விட்டு ஒருவராவது விலகுவார் என்று எதிர்பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. இரண்டு பேரும் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். ஒருவர் ஜன்னலோர மேசையில், இன்னொருவர் கதவோரம். நடுவில் நான்.

"மேடம், அவரை அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க" என்பார் தேவா சார். ஃபேன் சுவிட்சு அவருக்கும் எட்டும்.

"குறைக்க முடியாதுன்னு சொல்லும்மா" என்பார் சீனிவாசன் சார்.

இப்படியே சில வருடங்கள் போயின. கோபம் என்றால் காலப்போக்கில் ஆறும், இல்லை முற்றும். இவர்களுடையது இரண்டும் இல்லாமல் அப்படியே நின்றது. ஒருவர் வராத ஞாயிறுகளில் மற்றவர் சரியாக ஆடமாட்டார் என்பதையும் நான் கவனித்திருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

போட்டிகளில் இருவரும் மோதாமல் இருக்கும்படி நான் எப்படியாவது அட்டவணை போட்டுவிடுவேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் அது முடியாமல் போனது. கழகத்தின் சுழற்கோப்பைப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வந்தபோது இரண்டு பேரும் ஒரே புள்ளியில் முன்னால் இருந்தார்கள். மோதித்தான் ஆக வேண்டும்.

அன்று ஹாலில் ஈ பறந்தால் கேட்கும். மற்றவர்கள் தங்கள் ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு அந்த மேசையைச் சுற்றி நின்றார்கள். எதிரெதிரே உட்கார்ந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பலகையையே பார்த்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் கை குலுக்குவது வழக்கம். அதை அவர்கள் செய்யவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

பீட்டர் என் காதருகில் வந்து, "இன்னா மேடம், ரெண்டு பேரும் இப்டி மொறச்சினு கீறாங்க? கத்தி கித்தி எதுனா வச்சினு வந்துகீறாங்களா?" என்றார். நான் அவரை அடக்கினேன்.

ஆட்டம் மெதுவாகப் போனது. இருட்டத் தொடங்கியபோது பலகையில் காய்கள் குறைந்திருந்தன. அப்போது சீனிவாசன் சார் யானையை ஓர் ஓரத்துக்கு நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினார். தேவா சாரின் குதிரை ஒரு தாவல் தாவினால் ராஜாவுக்குச் செக்; அடுத்த நகர்த்தலில் அந்த யானை விழும். ஆட்டமும் கோப்பையும் அதோடு முடிந்தன. என் கண்ணுக்கே தெரிந்தது என்றால் சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சீனிவாசன் சாருக்கும் நகர்த்திய மறுகணமே தெரிந்துவிட்டது. அவர் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன்.

தேவா சார் வெகுநேரம் யோசித்தார். யோசிக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு கையை உயர்த்திப் பலகைக்கு மேலே கொண்டுபோனார்.

கரண்ட் போய்விட்டது.

"ச்சே!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். ஃபேன் சுற்றி ஓய்ந்தது. யாரோ நாற்காலியில் இடித்துக்கொண்டார்கள். "யாரும் மேசையைத் தொடாதீங்க, காய் கலைஞ்சிரும்!" என்று நான் கத்தினேன். கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. பீட்டர் மெழுகுவத்தி தேடப் போனார். அவர் வருவதற்குள் ஒரு யுகம் போனது போல இருந்தது. நடுவில் கடிகாரச் சத்தம் நின்றுவிட்டது. யார் நிறுத்தினார்கள் என்று தெரியாது.

பீட்டர் மெழுகுவத்தியோடு வந்தார். வெளிச்சத்தில் நாங்கள் பார்த்தது இதுதான்: பலகைக்கு மேலே தேவா சாரின் கையும் சீனிவாசன் சாரின் கையும் ஒன்றையொன்று பிடித்தபடி இருந்தன.

"என்ன சார்?" என்றேன்.

"டிரா" என்றார் தேவா சார்.

"டிரா" என்றார் சீனிவாசன் சார்.

"யார் கேட்டது?"

இருவரும் ஒரே நேரத்தில் மற்றவரைக் காட்டினார்கள். இடது கையால். வலது கைகளை இன்னும் விடவில்லை.

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெயிக்கிற ஆட்டத்தை, அதுவும் ஆயுளில் டிராவுக்கு ஒப்பாத மனிதர், அதுவும் இந்த மனிதரோடு, எதற்காக டிரா செய்தார்?

அதற்குள் சீனிவாசன் சார் தம் பழைய தணிந்த குரலில், "அந்த யானையை நான் அங்க வச்சிருக்கக் கூடாது" என்றார்.

"அதுக்கு முன்னாடியே மந்திரியை விட்டியே, அது தப்பு" என்றார் தேவா சார்.

"எந்த இடத்துல?"

"இரு, காட்டறேன்."

மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருவரும் காய்களைப் பின்னோக்கி நகர்த்தி ஆராய ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் சதுரங்கக்காரர்கள் செய்வதுதான். மற்றவர்கள் கலைந்து போன பிறகும் அவர்கள் எழவில்லை. சாவியைப் பீட்டரிடம் கொடுத்துவிட்டு நான் கிளம்பினேன்.

இருவருக்கும் சம புள்ளி என்பதால் கோப்பை ஆளுக்கு ஆறு மாதம் என்று முடிவானது. முதலில் சீனிவாசன் சார் வீட்டில் இருந்தது. அந்த மாதங்களில் அவர்கள் பேசினார்கள். ஆனால் சதுரங்கம் மட்டும்தான். யானை, குதிரை, சிப்பாய். வீட்டுப் பேச்சே கிடையாது. கோப்பையைக் கைமாற்றும் முறை வந்தபோது சீனிவாசன் சார், "நீயும் கூட வாம்மா" என்று என்னை அழைத்துக்கொண்டு தேவா சார் வீட்டுக்குப் போனார். திருமணத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் படியை அவர் மிதித்தது அன்றுதான்.

தேவா சாரின் மனைவி காபி கொடுத்தார். கோப்பையை வைக்க டிவி பெட்டிமேல் இடம் பண்ணினார்கள். அங்கே ஒரு புகைப்படம் இருந்தது. பரோடாவிலிருந்து வந்தது. கிரேஸ் மடியில் ஒரு கைக்குழந்தை. தம்பிக்குப் பெண் பிறந்த செய்தியே சீனிவாசன் சார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காபி ஆறியது.

"குழந்தை யார் மாதிரி?" என்றார்.

தேவா சார் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல், "உன் தம்பி ஜாடைதான். மூக்கு மட்டும் எங்க வீட்டு மூக்கு" என்றார்.

சீனிவாசன் சார் அந்தப் படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கேட்கவில்லை. தேவா சாரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அந்தப் படம் போய்ச் சேர்ந்தது சீனிவாசன் சாரின் அம்மாவிடம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

பின்னொரு வருடம் சீனிவாசன் சாரின் அப்பா காலமானார். முரளியும் கிரேஸும் குழந்தையோடு வந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போய் அவர்களை அழைத்து வந்தவர் தேவா சார். வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். துக்க வீட்டுக்குள் தாம் போகலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. சீனிவாசன் சாரின் அம்மா பேத்தியை இடுப்பில் வாங்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்து, "தேவா, நீ ஏம்ப்பா வெளியில நிக்கற? உள்ள வா" என்றார். எல்லோருக்கும் உரக்கப் பதில் சொல்லும் மனிதர், அன்று ஒரு வார்த்தை பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகுதான் என் குழப்பம் அதிகமானது. அதுவரை அந்த டிராவைப் பற்றிக் கேட்டால், "அவன்தான் கை நீட்டினான்" என்று இருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குடும்பங்கள் ஒன்றான பிறகு, "நான்தான் முதல்ல கை நீட்டினேன்" என்று இருவரும் சொல்ல ஆரம்பித்தார்கள். இதற்காகவே ஹாலில் சண்டை போடுவார்கள். முன்பு சொன்னது பொய்யா, பின்பு சொன்னது பொய்யா?

பீட்டரைக் கேட்டேன். "நான் வத்தி கொளுத்திகினு வர சொல்லோ ஏற்கெனவே கைய புட்ச்சினு இருந்தாங்க மேடம். எனுக்கு இன்னா தோணுதுன்னா, அவுரு குதுரைய தேடி கைய வுட்டாரு, இவுரு காய் வுழாம புடிக்க கைய வுட்டாரு. இருட்டுல மாட்டிகிச்சு. ஒர்த்தரும் ஒண்ணும் கேக்கல" என்றார்.

இருக்கலாம். தேவா சாரிடம் ஒருநாள் ரயிலில் நேரடியாகவே கேட்டேன். "உங்களுக்கு அந்தக் குதிரை ஆட்டம் தெரிஞ்சிருந்துது, இல்லையா சார்?"

"நான் ஜெயிச்சிருந்தா அவன் எழுந்து போயிருப்பான் மேடம். தோத்தவன் உக்காந்து பேசுவானா?" என்றார். எனக்குக் கண் கலங்கியது. அவர் என்னைப் பார்த்துவிட்டு, குரோம்பேட்டை தாண்டியதும், "நிஜத்தைச் சொன்னா, அந்தக் குதிரையை நான் பார்க்கவே இல்ல. சிப்பாயைத் தள்ளலாம்னுதான் கையத் தூக்கினேன்" என்றார். அன்றும் எது உண்மை என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கே தெரிந்திருந்ததா என்றும் சந்தேகம்தான்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டிருந்தார்கள். முரளி குடும்பம் இப்போது ஊரப்பாக்கத்தில் இருக்கிறது, காலையிலேயே வந்துவிட்டிருந்தார்கள். கிரேஸ் அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நானும் சீனிவாசன் சாரும் பக்கத்தில்.

கிரேஸ் அழுதுகொண்டே என்னிடம், "நாங்க ரெஜிஸ்டர் ஆபீஸ் போனதுக்கு முந்தின நாள் அண்ணன்கிட்ட சொன்னேன் அக்கா. அடிப்பாருன்னு நினைச்சேன். தலையில கை வச்சு ஜெபம் பண்ணி அனுப்பினாரு" என்றார்.

நான் சீனிவாசன் சாரைப் பார்த்தேன். அவர் கிரேஸைப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியுமே. உங்களுக்கு அவர் சொல்லலையா?"

அவர் தேவா சாரின் முகத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, "முரளி என்கிட்டயும் சொன்னான்" என்றார். "ஸ்டேஷன்ல வண்டி ஏத்திவிட்டதே நான்தான். வீட்ல சொல்லல. இவன்கிட்டயும் சொல்லல. இவன் தங்கச்சிய அனுப்பி வச்சுட்டு இவன் மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு..." முரளி சுவரோரம் தலை குனிந்து நின்றார்.

அத்தனை வருடம் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் நான். அது கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவரும் தெரியாதது போல நடித்து மற்றவரை ஏமாற்றிவிட்டதாக வெட்கப்பட்டுக்கொண்டு, முகம் பார்க்க முடியாமல், ஆனால் வராமலும் இருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இதைத் தேவா சார் எப்போதாவது அறிந்துகொண்டாரா? ஒருவேளை எல்லாம் தெரிந்தே சும்மா இருந்தாரா? கேட்பதற்கு ஆள் இல்லை.

மாலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஜெபம் முடிந்ததும் போதகர், "குடும்பத்தார் முதல்ல வந்து மண் போடுங்க" என்றார். மனைவியும் கிரேஸும் முரளியும் போட்டார்கள். சீனிவாசன் சார் கழக நண்பர்களோடு பின்னால் நின்றவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். போதகர் அவர் நெற்றியில் இருந்த திருமண்ணைப் பார்த்துவிட்டு, மெல்ல, "ஐயா, நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

சீனிவாசன் சார் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினார். எல்லோருக்கும் கேட்கும்படி, "மச்சான்" என்றார்.

உறவைச் சொன்னாரா, தோழனைக் கூப்பிட்டாரா, எனக்குத் தெரியாது. மண் விழுந்தது. போய் வாருங்கள், தேவா சார்.